சின்னத்திரையில் ஒரு சரித்திரப் பாடம்

வரலாறு என்றாலே ஆண்டுகளின் அணிவகுப்பு என்று அலுத்துக்கொண்டவன் நான். அந்த எண்ணத்தை மாற்றியது, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம்.

1485இல் பாஸ்வொர்த் போரில் மாண்ட அம்மன்னரின் எலும்புக்கூடு, 2012இல் லெஸ்டர் நகரில் வண்டிகள் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் அவரைக் கூனராகவும் கை சூம்பியவராகவும் படைத்தார். அந்நாடகம் எழுந்ததோ, போரில் வென்ற ஏழாம் ஹென்றியின் பேத்தி எலிசபெத்தின் ஆட்சியில்! முதுகெலும்பு வளைந்திருந்தது உண்மை. கை சூம்பியதற்கோ சான்றில்லை. மெய்யையும் பொய்யையும் எலும்புகளே பிரித்துக் காட்டின.

நண்பர்களே! படம் மட்டும் போதுமா? போதாது. அதுவும் ஒருவர் தொகுத்த பார்வையே. ரிச்சர்டு நல்லவரா என்பதற்கு எலும்பு விடை சொல்லாது. திரையில் ஐயம் பிறக்கட்டும். நூலகத்தில் அது தெளியட்டும்!