காணாமற்போன அட்டை



சென்ற ஜூலைத் திங்களில் ஒரு மாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் பணியாற்றும் நம் பங்கு அன்பர் ஒருவர் தம் மகளுடன் நம் இல்லத்துக்கு வந்தார். மகளின் கையில் ஒரு பழைய மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று நமக்கு அருகிலுள்ள திருவள்ளூர்க் காக்களூரில் தமிழக அரசு தொடங்கிவைத்த திட்டத்தின்கீழ், பின்னொரு ஆண்டில் அவருடைய மூத்த மகனுக்குப் பள்ளியில் கிடைத்தது அது. அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இரண்டும் இடம்பெற்றிருந்ததை வாசகர் சிலர் நினைவுகூர்வர்.

மூத்தவன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான். கணினியோ தள்ளாடலாயிற்று. அன்பரின் அக்காள் மகன் ஒருவன், தன்னிடம் பல்லாண்டுகளாகக் கிடந்த ஒரு பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை அதில் நிறுவிக் கொடுத்தான். கணினி விரைவாக ஓடிற்று. ஆனால் அன்றுமுதல் கம்பியில்லா இணைப்பு அடியோடு இல்லை. திரையின் மூலையில் வைஃபை என்னும் குறியே தோன்றவில்லை. ஆவடியில் ஒரு கடையில் காட்டினார்கள்.

“கார்டு போய்விட்டதாம் சாமி. புதிது போட இரண்டாயிரம் ஆகுமாம்” என்றார் அன்பர்.

இரண்டாயிரத்தைவிடப் பெரிய கவலை மகளுக்கு இருந்தது. பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலை இணையத்தின் வழியே பதிவு செய்ய வேண்டும்; இருந்தவை இரண்டே நாட்கள். எந்தக் கல்லூரி முன், எந்தப் பாடப்பிரிவு பின் என்னும் வரிசையே அவள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடியது. கைப்பேசியில் முயன்று பார்த்திருக்கிறாள். “விரல் பட்டால் வரிசை மாறிவிடுகிறது, ஃபாதர்” என்று சொல்லும்போதே கண் கலங்கிற்று.

பூவிருந்தவல்லி குருமடத்தில் நாம் கற்றவை மெய்யியலும் இறையியலுமேயன்றிக் கணிப்பொறியியல் அன்று. எனினும், விலையின்றிக் கிடைக்கிறதென்று பங்கு அலுவலகக் கணினியில் லினக்ஸை இட்ட நாள் முதலாக, இத்தகைய தொல்லை ஓரிருமுறை நம்மையும் வாட்டியதுண்டு. மெய்யியல் வகுப்பில் பேராசிரியர் ஓயாது வற்புறுத்திய ஒன்று மட்டும் இவ்விடத்தில் உதவியது: காணப்படாமை வேறு, இல்லாமை வேறு.

அன்பரிடமே கேட்டோம்: “பட்டறையில் மோட்டார் ஓடவில்லையென்றால் உடனே புது மோட்டார் வாங்கிவிடுவீர்களா?” அவர் சிரித்தார். “முதலில் கரண்ட் வருகிறதா பார்ப்போம் சாமி. அப்புறம் சுவிட்ச், அப்புறம் ஒயர்.” அதே முறைதான் இதற்கும். அட்டை கணினியின் கண்ணுக்கே தெரியவில்லையா, தெரிந்தும் அதை இயக்கும் நிரல் இல்லையா, நிரல் இருந்தும் அதற்கு வேண்டிய கோப்பு இல்லையா, எல்லாம் இருந்தும் யாரோ பூட்டி வைத்திருக்கிறார்களா? நான்கும் வேறு வேறு நோய்கள். நான்குக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸுக்கும், அதன் சாயலில் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஃபின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸுக்கும் ஒரு நற்குணம் உண்டு. தனக்குள் நடப்பதையெல்லாம் அவை எழுதி வைத்துக்கொள்ளும். கேட்டால் ஒளிக்காமல் சொல்லும். கேட்பவர்தாம் குறைவு.

கட்டளைத் திரையைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து எழுத்துகளைச் சிற்றெழுத்தில் சேர்த்துத் தட்டச் சொன்னோம். கணினியின் உட்பலகையில் இணைந்திருக்கும் உறுப்புகளின் பட்டியல் வந்தது. ஏறத்தாழக் கடைசி வரியில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற சொற்களும் நம் அட்டையின் பெயரும் இருந்தன. செத்துப்போன அட்டை தன் பெயரைச் சொல்லுமா? அவ்வரியைக் கண்டதும் பாதிப் பாரம் இறங்கிற்று. அப்பட்டியலில் பெயரே இல்லையெனில் அட்டை தன் பொருத்துவாயில் தளர்ந்திருக்கலாம், அல்லது கணினியின் அடிப்படை அமைப்பிலேயே அணைக்கப்பட்டிருக்கலாம். அப்போது மின்னிணைப்பையும் பேட்டரியையும் நீக்கிவிட்டுக் கழற்றி மாட்டிப் பார்ப்பது முறை. யு.எஸ்.பி. துளையில் செருகும் வகையாயின் எல், எஸ், யு, எஸ், பி என்று தட்ட வேண்டும்.

அடுத்து, அதே ஐந்து எழுத்துகளுக்குப் பின் ஓர் இடம் விட்டு, சிறு கோடும் ‘கே’ என்னும் எழுத்தும். ஒவ்வோர் உறுப்பையும் எந்த இயக்கிநிரல் கவனிக்கிறது என்று காட்டும் கட்டளை இது. நம் அட்டைக்கும் இயக்கி இருந்தது. பின் ஏன் வேலை செய்யவில்லை?

விடை மூன்றாம் கேள்வியில் கிடைத்தது. டி, எம், ஈ, எஸ், ஜி என்று தட்டினால் கணினி விழித்தெழுந்தது முதல் எழுதிவைத்த நாட்குறிப்பு ஓடும். (சில கணினிகள் இதற்கு முன் ‘சூடோ’ என்னும் சொல்லையும் கடவுச்சொல்லையும் கேட்கும்.) அதில் நம் அட்டையைப் பற்றிய வரி இதுவே: இன்ன பெயருள்ள ‘ஃபர்ம்வேர்’ கோப்பை ஏற்ற இயலவில்லை, பிழை எண் கழித்தல் 2. அந்த எண்ணுக்குப் பொருள், அத்தகைய கோப்பே இல்லை என்பது.

ஈண்டுச் சற்று நின்று விளக்க வேண்டும். கம்பியில்லா அட்டை என்பது தனக்கென ஒரு சிறு மூளையுடைய கருவி. அம்மூளைக்கு நினைவாற்றல் நிலையானதன்று. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும், “நீ செய்ய வேண்டியது இது” என்று இயக்கிநிரல் ஒரு கோப்பை அதனுள் ஏற்ற வேண்டும். அக்கோப்பே ஃபர்ம்வேர். அதன் மூல வரிகளை அட்டை செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. லினக்ஸ் வகைகளுள் பெரிதான டெபியனோ, மூலவரி மறைக்கப்பட்ட எதையும் தன் அடிப்படைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்னும் கொள்கையுடையது. ஆகவே 2011-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு முதல் இக்கோப்புகள் தனிக் கிடங்குக்கு ஒதுக்கப்பட்டன. கொள்கை உயர்ந்ததுதான், நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தக் கிடங்குக்குச் செல்லும் வழி இணையம். இணையத்துக்குச் செல்லும் வழி அந்த அட்டை. அட்டைக்கு வேண்டியதோ கிடங்கிலுள்ள கோப்பு! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. கொள்கை வகுத்தவர்களே இதை உணர்ந்து, 2022-இல் தங்களுக்குள் வாக்கெடுத்து வழக்கத்தை மாற்றினர். 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் இக்கோப்புகள் நிறுவும் தொகுப்பிலேயே உள்ளன. மருமகனின் பென்டிரைவில் இருந்ததோ டெபியன் வழிவந்த ஒரு பழைய தொகுப்பு. பையனைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

நிறுவனங்களும் மாறியிருக்கின்றன. பிராட்காம் அட்டைகளுக்காக ஆர்வலர்கள், அந்நிறுவனத்தின் மூலவரி மறைக்கப்பட்ட இயக்கி என்ன செய்கிறதென்று ஆண்டுக்கணக்கில் துருவி ஆராய்ந்து தாங்களே இயக்கி எழுதினர். 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே திறந்த மூலத்தில் ஓர் இயக்கியை வெளியிட்டது.

சரி, சாவியை எப்படி எடுப்பது? அன்பரின் கைப்பேசியை, மின்னேற்றும் கம்பியாலேயே கணினியுடன் இணைத்தோம். கைப்பேசி அமைப்பில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் தொட்டதும், கணினி அதை ஒரு கம்பிவழி இணைப்பாக ஏற்றுக்கொண்டது. எந்த அட்டையும் தேவைப்படவில்லை. மின்னேற்ற மட்டுமே பயன்படும் மலிவுக் கம்பியானால் இது நடவாது. நாம் முதலில் எடுத்தது அப்படிப்பட்டதே. பத்து நிமிடம் வீணாயிற்று.

இணையம் வந்ததும் கோப்பைத் தேட நம் கை துடித்தது. மகள் தடுத்துவிட்டாள். “முதலில் பட்டியல், ஃபாதர்.” அவள் சொன்னதே சரி. ஏறத்தாழ இரண்டு மணி நேரம், தந்தை கல்லூரிக் குறியீட்டு எண்களைத் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க, மகள் பெரிய திரையில் வரிசைப்படுத்திப் பதிந்தாள். ஆலயத்தில் மாலை மணி அடித்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

அதன் பின்னரே கிடங்குப் பட்டியலில் ‘நான்-ஃப்ரீ’ என்னும் சொல்லைச் சேர்த்து, நாட்குறிப்பு சொன்ன கோப்புக்குரிய தொகுப்பை இறக்கி நிறுவி, கணினியை அணைத்து எழுப்பினோம். மூலையில் வைஃபை குறி தோன்றிற்று. ஆனால் ஒரு வலைப்பெயரும் வரவில்லை! நாம் சோர்ந்துபோனோம். நான்காம் கேள்வி எஞ்சியிருந்தது நினைவுக்கு வந்தது. ‘ஆர்.எஃப்.கில் லிஸ்ட்’ என்று தட்டினோம். இரு வகைப் பூட்டுகளைக் காட்டும் கட்டளை அது: நிரலால் பூட்டியது, கருவியால் பூட்டியது. முன்னதைத் தட்டச்சிலேயே திறக்கலாம். இங்கோ பின்னதற்கு நேரே ‘ஆம்’ என்றிருந்தது.

நாம் திரையை வெறித்துக்கொண்டிருக்க, அன்பர் கணினியைக் கையிலெடுத்து, பட்டறையில் உருப்படியைப் பார்ப்பதுபோல் விளிம்பு விளிம்பாகத் திருப்பிப் பார்த்தார். முன்விளிம்பில் நகம் அளவே ஒரு நழுவு சுவிட்ச். கடைக்கும் வீட்டுக்கும் பையில் அலைந்தபோது தள்ளப்பட்டிருக்க வேண்டும். “இதுவா சாமி?” என்று விரலால் நகர்த்தினார்.

அக்கம்பக்கத்து வலைப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. அவற்றுள் நம் இல்லத்தினுடையதும் ஒன்று. அதற்கு நம் பங்கின் இளையோர் என்ன பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் நாம் முதன்முறையாகக் கண்டோம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பெயரை ஈண்டு அச்சிடுதல் தகாது.