வாடகை வீண் செலவா?

புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் நேற்றுவரை நாற்று நட்ட வயல்களில் இன்று எல்லைக்கல் நிற்கிறது. 'வாடகை கொடுத்தே காசு கரையுது. அதை பேங்குக்குக் கட்டினா வீடாவது மிஞ்சும்' என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. சொந்த வீட்டு ஆசையில் தவறில்லை. கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் கவலை தருகிறது.

30 லட்ச ரூபாய் வீடு, கையில் 10 லட்சம், கடன் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 17,350 ரூபாய். முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 3,200-க்கும் குறைவு. முடிவில் கட்டியிருப்பது 41 லட்சத்துக்கு மேல். வட்டியும் நிலையானதல்ல. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியபோது, பலருடைய தவணைக் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அதே குடும்பம் 6,000 ரூபாய் வாடகையில் இருந்தால்? ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றினாலும் 20 ஆண்டு வாடகை 24 லட்சத்தைத் தாண்டாது. கையிலிருந்த 10 லட்சத்தை 7 சதவீதக் கூட்டு வட்டியில் விட்டால் 38 லட்சத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்தப் பணம் கல்யாணம், காதுகுத்து, வைத்தியம் என்று கரையாமல் இருக்க வேண்டுமே! வாடகை 15,000-ஐத் தாண்டும் காலத்தில் சம்பளம் நின்று போயிருந்தால் என்ன செய்வது? மாதாமாதம் சேமிக்கும் பழக்கம் இல்லாதவருக்குத் தவணைதான் கட்டாயச் சேமிப்பு. இதை மறுக்க முடியாது.

எனவே வேலை நிலையானது, தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது, பதினைந்து ஆண்டாவது இதே ஊரில்தான் என்றால் வாங்கலாம். சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு வாடகையே பாதுகாப்பு. கைப்பணத்துக்கே நகையை அடகு வைத்து, பத்திரச் செலவுக்கு வட்டிக்கு வாங்குபவர் வீட்டுக் கடனோடு மூன்று கடனை ஒரே சம்பளத்தில் சுமக்கிறார். அவர் இப்போது வாங்கவே கூடாது.

இன்னொன்று, தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்துவிடலாம். கடன் வாங்கிக் கட்டியவர் வெள்ளம் புகுந்த வீட்டுக்கும் தவணை கட்ட வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றையும் நகர அமைப்புக் குழும அனுமதியையும் நேரில் பாருங்கள். அந்த இடத்தில் மழைநீர் எங்கே ஓடியது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக வாசலிலும் ஒட்டச் செய்வது அரசின் கடமை. அதை உடனே செய்யட்டும்.