அந்தக் காலத்து மலிவு

“அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு” என்ற பேச்சு எழாத திண்ணை நமது நாட்டில் இல்லை. நெல் என்ன விலைக்கு விற்றது, நல்லெண்ணெய் என்ன விலைக்கு விற்றது, எவ்வளவு சொற்பச் செலவில் ஒரு கல்யாணம் முடிந்தது என்றெல்லாம் பெரியவர்கள் அடுக்கிக்கொண்டு போவார்கள். சிறுவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலம் எந்தக் காலம் என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால், சொல்லுகிறவர் தம் பாட்டனார் காலத்தைக் காட்டுவார். அந்தப் பாட்டனாரையே கேட்டிருந்தால் அவர் தம்முடைய பாட்டனாரைக் காட்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விலையைச் சொல்லி அதோடு நிறுத்திவிடுவது அரைக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் அரைக் கணக்குக்கு நான் மார்க் கொடுப்பதில்லை. அந்த விலையைக் கொடுத்து வாங்கியவன் கையில் என்ன இருந்தது, அது எத்தனை நாள் உழைப்பில் அவன் கைக்கு வந்தது என்பது மற்றப் பாதி. அந்தப் பாதியையும் போட்டுப் பார்த்தால் விடை எப்படி வருகிறது என்பதே இந்த வாரத்து விஷயம்.

முதலில் நமது நாஞ்சில் நாட்டுப் பழைய பணத்தையே எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் சர்க்கார் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்கு மாடு பிடிக்கப் போனவர் இந்த அரைச் சக்கர வித்தியாசத்தையும் மடியில் முடிந்துகொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பழைய வெள்ளிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சிறியது என்று தெரியும். சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்தால் அடங்கிவிடும். ஆயிரம் சக்கரத்தை ஒவ்வொன்றாக எண்ணுவதென்றால் கண்ணும் போகும், பொழுதும் போகும். ஆகையால் கஜானாக்களில் அதற்கென்று ஒரு மரப்பலகை இருந்தது. அதில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் செதுக்கியிருக்கும். ஒரு பிடி சக்கரத்தை அதன்மேல் கொட்டி, பலகையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் குழிக்கு ஒரு சக்கரம் உட்கார்ந்துகொள்ளும். மிகுந்ததைக் கையால் வழித்துவிட்டால் பலகையிலுள்ள குழிகள் எத்தனையோ அத்தனை சக்கரம். எண்ணவே தெரியாதவரும் பிழையில்லாமல் எண்ணிவிடலாம்! இவ்வளவு எளிய, அழகிய கணித யந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் இந்தச் சக்கரங்கள் உழவர் குடிசைக்குள் அடிக்கடி நுழைந்தவை அல்ல. அங்கே செல்லுபடியான நாணயம் நெல். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. நிலத்தின் பரப்பைக்கூட இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்று நெல்லைக் கொண்டே சொன்னார்கள். பாட்டம் நெல், கூலி நெல், துணி வெளுப்பவருக்கும் முடி திருத்துபவருக்கும் களத்தில் அளப்பது நெல். கூலம் என்றால் தானியம். கூலி என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு.

நெல்லாகக் கூலி வாங்குவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. விலைவாசி ஏறினாலும் இறங்கினாலும் ஒரு மரக்கால் நெல் ஒரு மரக்கால் நெல்தான். வயிறு அதை அறியும். அசௌகரியமும் உண்டு. நமது கும்பப்பூ அறுவடை மாசியில். கன்னிப்பூ அறுவடை புரட்டாசியில். மாசியில் களத்தில் நெல் குவிந்திருக்கும்போது துணிக்கும் கடனுக்குமாகக் கொடுத்து ஒழித்த நெல் மலிந்த நெல். ஆடியில் குதிர் காலியானபின், அதே நெல்லைக் கடனாகக் கேட்கிறபோது அது அருமையான நெல். ஆடி மாதத்துக்கு மலையாளத்தில் பஞ்ஞக் கர்க்கடகம் என்றே ஒரு பெயர் இருக்கிறது. ஆகவே, ஏழைக்கு அந்தக் காலத்தில் ஒரே வருஷத்துக்குள்ளேயே மலிவான காலமும் அருமையான காலமும் இருந்தன. விற்கும்போது மலிவு; வாங்கும்போது அருமை. திண்ணைப் பேச்சில் இடம் பெறுவது முதலாவது மாத்திரமே.

இந்த நெல்லுக் கணக்கு மிகப் பழையது. முதலாம் இராஜராஜன் காலத்தில் நாஞ்சில் நாடு சோழர் கைக்கு வந்து, சுசீந்திரத்துக்குச் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் வழங்கலாயிற்று. அந்தச் சோழர்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டியதோடு வாழைப்பழத்தின் விலையையும் வெட்டிவைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் நிவேதனம். அதற்காக 360 காசை வணிகர்களிடம் கொடுத்து வைத்தார்கள். காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. வட்டி 45 காசு; ஒரு வருஷத்துப் பழம் 54,000. ஆகக் காசுக்கு 1,200 பழம்! எங்கள் வகுப்பில் இந்தக் கணக்கைச் சொன்னவுடன் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய ஆசையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

ஆனால் காசு என்பது என்ன? அதே கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி. எனவே ஒரு காசு 192 நாழி நெல்லுக்குச் சமம். இனிப் பழத்தை நெல்லாக்கிப் பார்த்தால் ஒரு நாழி நெல்லுக்கு ஆறேகால் பழம். ஆசை கொஞ்சம் அடங்குகிறதல்லவா? 1,200 பழம் என்றதும் எழுந்த வியப்பு, காசை நாம் நம் காசாக நினைத்துக்கொண்டதால் வந்தது.

அந்தக் கோயிலில் குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு கிடைத்தது. ஒரு பங்கு என்பது வருஷத்துக்கு 100 கலம் நெல். வருஷத்தை 360 நாளாக வைத்துக்கொண்டால், நாளுக்கு ஏறக்குறைய 27 நாழி. அக்காலத்துச் சாசனங்கள் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று கணக்கிடும். அந்த முறைப்படி நாளுக்குப் பத்து நாழிக்கு மேல் அரிசி. பத்துப் பேர் சாப்பிடலாம், நல்ல வாழ்வுதான். இராஜராஜன் தன் பெருங்கோயிலுக்குச் செய்த ஏற்பாடு அப்படி.

ஏற்பாடு எல்லாருக்கும் அப்படி இருந்ததா என்று அறியக் காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். வீரராஜேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று, 1068-ஆம் ஆண்டை ஒட்டியது, அங்கே இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த வீரசோழன் என்ற ஆதுரசாலையில் 15 நோயாளிகள் படுக்க இடம். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாமன் என்பவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திர வைத்தியருக்கு 30 கலம் நெல். மூலத்தில் மூன்றில் ஒன்று! இக்காலத்து அறுவை வைத்தியர்கள் இந்தச் சாசனத்தைப் படிக்காமலிருப்பது நல்லது. மருந்துக்கு வேரும் தழையும் கொண்டுவருகிற இருவருக்கும் சேர்த்து 60 கலம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம். தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு 15 கலம்.

இந்தத் தண்ணீர்க்காரரைச் சற்று நிறுத்திவைத்துப் பார்ப்போம். 15 கலம் என்றால் நாளுக்கு நான்கு நாழி நெல். ஐந்துக்கு இரண்டாகக் குத்தினால் ஒன்றரை நாழிக்குச் சற்று மேல் அரிசி. அதே ஆதுரசாலையில் படுத்திருக்கும் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. அதாவது, படுத்திருக்கும் ஒருவருக்கு வேண்டியதை எடுத்துவிட்டால், நாள் முழுதும் குடம் சுமக்கிறவரின் மனைவிக்கும் மக்களுக்கும் மீதி அரை நாழியும் ஒரு சிறங்கையும். உப்பு, புளி, எண்ணெய், துணி எல்லாவற்றையும் அதிலிருந்துதான் மிச்சம் பிடிக்க வேண்டும். மனைவியும் வேலைக்குப் போயிருப்பாள்; சந்தேகமே வேண்டாம். அங்கே நோயாளிகளைப் பார்த்த பெண்களுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு அதே நான்கு நாழிதான். இவர்களெல்லாம் நித்திய வேலையும் நிச்சயக் கூலியும் உடையவர்கள் என்பதை மறக்கக் கூடாது. வேலையுள்ள நாளில் கூலி, இல்லாத நாளில் பட்டினி என்றிருந்த வயல் கூலிக்காரரின் கணக்கை ஒரு கோயிலும் கல்லில் வெட்டவில்லை.

அரிசியை அளந்து ஜீவனத்தை அளப்பது நமக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. ஜப்பானியரும் அப்படியே செய்தார்கள். அவர்களுடைய கோக்கு என்ற அளவு ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான அரிசி என்று கருதப்பட்டது. டோக்குகாவா ஆட்சியில் சாமுராய் வீரரின் சம்பளம் இத்தனை கோக்கு என்றே பேசப்படும். எடோ நகரத்துக் கடைகளோ செப்புக் காசு கேட்கும். ஒரு கிண்ணம் ஸோபா 16 மோன். அரிசியைக் காசாக மாற்றித் தரும் தரகர்கள் அஸாக்குஸாவில் கடை வைத்திருந்தார்கள். அடுத்த தவணை அரிசியை ஈடாக வைத்து அவர்களே கடனும் கொடுத்தார்கள். வாள் இடுப்பில் தொங்க, குடுமி அந்தத் தரகர் கையில் இருந்தது. 1789-இல் அரசாங்கமே தலையிட்டுப் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. சாமுராய்க்கு அப்படிக் கட்டளையிட ஓர் அரசாங்கம் இருந்தது. நமது ஆடி மாதத்துக் கடனாளிக்கு அதுவும் இல்லை.

மழை பெய்கிற வருஷத்துக் கணக்கைத்தான் இதுவரையில் பார்த்தோம். பொய்த்த வருஷத்துக் கணக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. தஞ்சைச் சீமையில் திருப்பாம்புரம் என்ற ஊர், மூன்றாம் குலோத்துங்கன் காலம், கி.பி. 1201. பஞ்சத்தில் காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்.

காசுக்கு 192 நாழி எங்கே, மூன்று நாழி எங்கே! ஆனால் விலை 64 மடங்கு ஏறிற்று என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. இராஜராஜன் காலத்துக் காசு பொன். பிற்காலத்துக் காசு அவ்வளவு மதிப்புடையதன்று. ஆகையால் இங்கும் நெல்லாலேயே அளப்போம். 110 காசுக்கு அன்று கிடைத்திருக்கக் கூடிய நெல் 330 நாழி. கலக் கணக்கில் மூன்று கலம், ஐந்து குறுணி, இரண்டு நாழி. திருமுக்கூடல் தண்ணீர்க்காரர் மூன்று மாதம்கூட உழைக்க வேண்டாம். 83-ஆம் நாளில் அவ்வளவு நெல்லையும் ஈட்டிவிடுவார். ஒரு தகப்பனும் இரண்டு பெண்களும், என்றைக்குமாக, அந்த விலைக்குப் போனார்கள்.

சோழ நாட்டுப் பழங்கதை என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படியெடுத்து வைத்தார். பிற்பாடு அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டு நிலம், நீர், வரி, வழக்கு எல்லாம் அந்த ஓலைகளில் இருக்கின்றன. அவற்றோடு ஆளை விற்ற சீட்டுகளும் இருக்கின்றன. நிலம் விற்ற ஓலையில் எல்லை சொல்வார்கள். ஆளை விற்ற ஓலையில் பெயர் சொல்வார்கள். மற்றபடி எழுத்து நடையில் பெரிய வித்தியாசம் இராது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசர் விளம்பரம் செய்தது 1855-இல்தான். ஆகவே, நம்மில் சிலருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து நெல் விலையின் மலிவைப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், கூப்பிடு தூரத்தில் மனிதனுக்கும் விலை இருந்தது.

நமது பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் பரண்மேல் ஓலைக்கட்டுகளும், சக்கரக் கணக்கு எழுதிய பேரேடுகளும் இன்னும் கிடக்கின்றன. சொத்துப் பத்திரத்தை மாத்திரம் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு மற்றதைக் கரையானுக்கு விட்டுவிடுவது நமது வழக்கம். கரையானை முந்திக்கொண்டு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கொள்முதல் விலை எழுதிய பக்கத்தைவிட, அறுப்புக்கு வந்தவர்களுக்கு எத்தனை நாழி அளந்தது என்று எழுதிய பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள், வந்து பார்க்கிறேன்.