ஒரு கையொப்பம் செய்யும் உதவி

2021 நவம்பரில், பொன்முகலி எனத் தமிழில் வழங்கும் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. திருப்பதியை அடுத்த ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதும் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். சித்தூர் மாவட்டத்தில் பயிர்கள் மூழ்கின.

ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு நெறிகளின்படி, விளைச்சலில் 33 விழுக்காடேனும் இழந்தோரின் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்ற இடமிருந்தது. இழப்பு பாதியை எட்டினால் ஐந்தாண்டு வரை அவகாசம் இருந்தது. ஆயின், கடனேட்டில் பெயரில்லாத குத்தகை உழவரை இத்தகைய சலுகை எட்டுவதில்லை.

ஆந்திரத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவர் வங்கிக் கடனும் நிவாரணமும் பெறச் சாகுபடியாளர் உரிமை அட்டை வழங்குகிறது. அதற்கு நில உரிமையாளரின் கையொப்பம் வேண்டும். பதினொரு மாதமே செல்லும் அவ்வட்டை நிலவுரிமையைத் தொடாது. நிலமுடைய வாடிக்கையாளர்கள் அடுத்த மழைக்கு முன்பே கையொப்பமிட வேண்டுகிறோம்.