கிரிக்கெட் மேல பழி போடாதீங்க!

தேர்தல் வந்தால் கூடவே ஐபிஎல்லும் வந்துவிடுகிறது. 2009, 2014, 2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்கள், 2011, 2016, 2021 தமிழக சட்டமன்றத் தேர்தல்கள்... எல்லாமே கிரிக்கெட் சீசனை ஒட்டித்தான். இரண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தர முடியாது என்றதால் 2009-ல் ஐபிஎல் மொத்தமாகத் தென்னாப்பிரிக்காவுக்கே பெட்டி கட்டியது. ஒவ்வொரு முறையும் நம்ம அறிவுஜீவிகள் பாடும் பல்லவி ஒன்றுதான்: "ஜனங்க மேட்ச் பார்த்தே எல்லாத்தையும் மறந்துடறாங்க. அதான் அரசியல்வாதி தப்பிச்சுடறான்."

சுத்த மொக்கை வாதம் இது. ஏன்னு சொல்றேன்.

2011-ஐ எடுத்துக்குங்க. பிப்ரவரி 2-ந்தேதி அலைக்கற்றை வழக்கில் ஆ.ராசா கைது. (2017-ல் தனி நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது வேறு கதை.) பிப்ரவரி 19-ல் உலகக் கோப்பை ஆரம்பம். ஆறு வாரம் நாடே டிவி முன்னால். ஏப்ரல் 2-ல் தோனி சிக்ஸர் அடித்துக் கோப்பையையும் வாங்கியாச்சு. ஏப்ரல் 8-ல் ஐபிஎல். ஏப்ரல் 13-ல் தமிழகத்தில் ஓட்டுப்பதிவு. மறதி வியாதி உண்மையானால் இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஆளுங்கட்சிக்குக் கிடைக்குமா? நடந்தது என்ன? சுமார் 78 சதவீத ஓட்டுப்பதிவு, அதுவரை தமிழகம் காணாத அளவு. திமுக கூட்டணிக்குக் கிடைத்தது 234-ல் 31. மின்வெட்டும் விலைவாசியும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது சார், அதை எந்த சிக்ஸர் மறக்கடிக்கும்?

"பிரிட்டனைப் பார்" என்று சிலர் கிளம்புவார்கள். 1970 ஜூன் 14-ல் உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து 3-2 என்று தோற்றது. நாலே நாளில் பிரதமர் வில்சனின் தொழிற்கட்சியும் தோற்றது. சரி, ஆனால் அந்த மேட்சுக்கு மறுநாளே வெளிநாட்டு வர்த்தகத்தில் பற்றாக்குறை என்ற புள்ளிவிவரம் வந்ததே, அதை ஏன் சொல்வதில்லை? கோல்கீப்பர் மேல் பழி போடுவது சுலபம், அதனால்தான்.

அப்போ யாருமே எதையும் மறக்கடிக்கவில்லையா? மறக்கடிக்கிறார்கள். அது செய்தி சேனல்களும் கட்சிகளும் சேர்ந்து செய்யும் வேலை.

2018 காவிரிப் பிரச்சினையைப் பாருங்கள். பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்து, ஆறு வாரத்தில் செயல்திட்டம் கேட்டது. கெடு முடிந்ததும் மத்திய அரசு போய் மூன்று மாத அவகாசம் கேட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, கர்நாடகத் தேர்தல்! ஆக, தண்ணீரைத் தள்ளிப்போடச் சொன்னது கிரிக்கெட் சீசன் இல்லை, தேர்தல் சீசன்.

ஆனால் நம்ம கோபம் எங்கே போச்சு? சேப்பாக்கத்துக்கு. ஏப்ரல் 10 மேட்சில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மிச்சம் இருந்த ஆறு மேட்சும் புனேவுக்குப் போயின. சேனல்கள் செருப்பைத் திரும்பத் திரும்பக் காட்டின. மேட்ச் நடக்கலாமா கூடாதா என்று விவாதம் தூள் பறந்தது. அவகாசம் கேட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது. கர்நாடகம் மே 12-ல் ஓட்டுப் போட்டது, காவிரி ஆணையத்துக்கான அரசிதழ் அறிவிப்பு ஜூன் 1-ல் வந்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கதை புரியும்.

போராடியவர்களின் கோபம் நியாயமானது, இலக்குதான் தப்பு. கிரிக்கெட்டை எதிர்த்ததால் காவிரிச் செய்தியே கிரிக்கெட் செய்தியாக மாறிவிட்டது. பிரச்சாரத்தில் வேகம் என்பதே இப்படித்தான். இன்றைக்கு ஒரு சர்ச்சை, நாளைக்கு ஒரு கூட்டணி, மறுநாள் ஒரு கருத்துக்கணிப்பு. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று ரன்ரேட் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தால், போன தேர்தல் வாக்குறுதி என்ன ஆச்சு என்று கேட்க யாருக்கு நேரம்?

மேட்ச் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மக்களே. முடிந்ததும் ஸ்கோர் என்ன என்று தெளிவாகத் தெரியும், தோற்றவன் ஒத்துக்கொள்வான். இந்த நேர்மைகூட இல்லாத ஒரு ஆட்டத்தை ராத்திரி ஒன்பது மணி விவாதத்தில் பார்த்துவிட்டு, "கிரிக்கெட்தான் நாட்டைக் கெடுக்குது" என்று சொல்வது என்ன நியாயம்?

தாராளமாக மேட்ச் பாருங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் மட்டும் சேனல் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். உங்கள் தெருக் குழாயில் ஏன் தண்ணி வரலைன்னு கேளுங்கள்.