தீர்ப்புக்கு முன்பே தீர்ப்பா?



1959இல் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கில் ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் 'குற்றவாளி அல்ல' என்றனர். அந்தக் கடற்படை அதிகாரிக்காகப் பத்திரிகைப் பிரச்சாரமே நடந்தது. உயர்நீதிமன்றம் ஜூரிகளின் முடிவை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. பின்னர் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமில்லாமல் போனது.

நீதிமன்றத்தை விட்டுப் போன ஜூரிகள் டீக்கடைக்கு வந்துவிட்டார்கள்!

அனுதாபம் ஒருவரைத் தப்ப வைக்குமென்றால், வெறுப்பு எதைத்தான் செய்யாது? கோவை குண்டுவெடிப்பு வழக்கில் 1998இல் கைதான அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த பிறகே 2007இல் அவ்வழக்கில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். போன ஆண்டுகளைத் தருவது யார்?

நமக்கு மட்டுமா இந்த முத்திரை? இதே இராமநாதபுரம் மண்ணில் மறவர் சமுதாயத்தில் ஒரு பிரிவினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது குற்றப்பரம்பரைச் சட்டம். முத்துராமலிங்கத் தேவர் போன்றோர் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

ஆனால் நாம்? விசாரணைக்குப் போய்த் திரும்பிய நம் பிள்ளைக்கே வேலை தரத் தயங்குகிறோம். 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று சம்பந்தத்தை முறிக்கிறோம்.

வணிகர்களே! தராசில் மோசடி செய்வது பாவம் என அறிந்தவர்கள் நீங்கள். மனிதனை நிறுக்கும்போதும் அந்த நேர்மை வேண்டாமா? இளைஞர்களே! சாதியையும் ஊரையும் பார்த்து நீங்களும் எவருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

விடுதலையானவனுக்குக் கடைக் கதவைத் திறந்து விடுங்கள். மாற்றம் நம் தெருவிலிருந்தே தொடங்கட்டும்!