தாது வருடத்துப் படமும் நம் கைப்பேசியும்

சேலம் சமவெளியைத் தாது வருடப் பஞ்சம் (1876–78) எப்படிச் சூறையாடியது என்பதை மக்கள்தொகைக் கணக்கே சொல்லும். 1871இல் ஏறத்தாழ 19.7 இலட்சம் பேர் வாழ்ந்த சேலம் மாவட்டத்தில் 1881இல் எஞ்சியோர் ஏறத்தாழ 16 இலட்சம். அந்தப் பஞ்சத்தின் முகத்தை நிழற்படமாக விட்டுச் சென்றவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் சென்னைக் குதிரைப்படை அதிகாரி. எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக அமர்த்தி அவர் படமெடுத்தார். எடுத்து முடித்தபின் அவர்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றளவும் அவரைத் தொடர்கிறது. அதே ஹூப்பர், 1886இல் மாந்தலேயில் பர்மியக் கைதிகள் சுடப்படும் அந்த நொடியையே படம்பிடிக்க முயன்றார். இலண்டன் வரை கண்டனம் எழுந்தது. விசாரணை நடந்தது, அவர் கண்டிக்கப்பட்டார்.

அன்று அந்தக் கருவி ஓர் அதிகாரியின் கையில் மட்டும் இருந்தது. இன்று அது நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஹூப்பரைக் கண்டிக்கும் தகுதி நமக்கு உண்டா?

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில், இராசிபுரத்துக்கு அருகே, முட்டை ஏற்றிச் சென்ற வண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்ததைக் கண்டோம். ஓட்டுநர் உள்ளே சிக்கியிருந்தார். சூழ நின்றவர் கைகளில் கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. உண்மையை மறைப்பானேன்? நம் கையிலும் ஒன்று உயர்ந்தது. தேநீர்க் கடைப் பெண்மணி ஒருவர் செம்பில் நீர் கொண்டு ஓடினார். இளைஞர் இருவர் கதவை நெம்பி அந்த மனிதரை வெளியே இழுத்தனர். மாலைக்குள் படம் ஊரெங்கும் பரவிவிட்டது. அவருடைய மனைவிக்குச் செய்தியை முதலில் சொன்னது உறவினர் அல்லர். அந்தப் படமே என்று பின்னர் அறிந்தோம். நமக்கு வந்த படத்தில் அவ்விரு இளைஞரையும் காணோம். அவர்களை நீக்கிவிட்டு, வானத்தைக் கருமையாக்கி, "உதவ ஒருவரும் இல்லை" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

இதுவே இன்றைய எண்ணிமக் கருவியின் கொடுமை. துயரத்தை வேடிக்கை பார்ப்பதோடு அது நிற்கவில்லை; துயரத்தைத் திருத்தியும் எழுதுகிறது. தொழில்முறைக் கலைஞரும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. 2003இல் ஈராக்கில் எடுத்த இரு படங்களை ஒன்றாக இணைத்த பிரையன் வால்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பணிநீக்கம் செய்தது. 2006இல் பெய்ரூட்டின் புகையைக் கணினியில் பெருக்கிக் காட்டிய அத்னான் ஹஜ்ஜின் 920 படங்களை ராய்ட்டர்ஸ் நிறுவனம் திரும்பப் பெற்றது. அங்கே தட்டிக் கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். நம் கைப்பேசிக்கு ஆசிரியர் யார்? விரலால் தடவினால் ஓர் ஆள் மறைகிறார். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எரியாத வீடும் படத்தில் எரிகிறது.

"படம் இல்லையேல் உலகம் விழித்திருக்குமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1984இல் போபாலில் புதைக்கப்பட்ட பெயரறியாக் குழந்தையின் முகத்தை இரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்திராவிட்டால், அந்த நச்சுவாயுக் கொடுமை உலகின் நெஞ்சை அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்குமா? ஹூப்பரின் படங்கள் இல்லையேல் நம் முன்னோரின் பசியை நாமே கண்டிருக்க மாட்டோம். ஆனால் சாட்சி சொல்வது வேறு, வேடிக்கை காட்டுவது வேறு. சாட்சி, தான் கண்டதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். தம் சொல்லுக்குத் தம் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்பார். பெயரின்றிப் பரப்புகிறவர் எதற்குச் சாட்சி?

"தொட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம்" என்ற பழைய சாக்கும் இனிச் செல்லாது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்டவலு அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பாதுகாப்பை மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தது. அவ்வாறு உதவுவோருக்குச் சட்டம் சூட்டிய பெயர் நல்ல சமாரியர்! எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவரைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார். கண்டு விலகிச் சென்றனர். நாமோ விலகிச் செல்வதும் இல்லை. நின்று, படமெடுத்து, பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுச் செல்கிறோம்.

ஆகவே நம் இளைஞர் மன்றங்களுக்கும் விடுதிகளுக்கும் சொல்கிறோம். முதலில் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். விபத்தின் முன் கைப்பேசி எடுப்பது முதலில் 108ஐ அழைக்கவே. அடுத்து, கைகள் வெறுமையாகட்டும். தூக்குவதற்கு அவை தேவை. சாட்சிக்காகப் படம் எடுக்க நேர்ந்தால் அது காவல்துறைக்குப் போகட்டும். முகங்களுடன் தெருவுக்கு வரவேண்டாம். வந்து சேரும் படத்தை யார் எடுத்தார், எங்கே எடுத்தார் என்று தெரியாமல் மேலே அனுப்பாதிருப்போம்.

நீக்கப்பட்ட அவ்விரு இளைஞரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களைப் படத்திலிருந்து அழித்தவரின் பெயரும் தெரியாது. அந்தப் பொய்யை நமக்கு அனுப்பியவர்களின் பெயர்கள் மட்டும் நம் கைப்பேசியில் இருக்கின்றன. அவர்கள் அனைவரும் நம் நண்பர்கள்.